கோல் பிடித்த எழுத்து

எனக்குப் படிப்பு மூன்றாவதோடு சரி. அதற்கு மேல் படித்தவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. பொழிச்சலூரில் என் நிலத்தை மனையாக வாங்கினவர்கள் எல்லாருமே படித்தவர்கள்தான். என் எதிரில் அளப்பார்கள். நான் வீட்டுக்குப் போனதும் கல்லை ஓர் அடி தள்ளி நடுவார்கள். அதனால் என் மகள் தனக்கோடி ஜப்பான் பாஷை படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது நான் கேட்டது ஒன்றுதான்.

"எவன் ஏமாத்துறான் ஒன்னை?"

"யாரும் ஏமாத்தலப்பா. கம்பெனியிலதான் அனுப்பறாங்க."

"அதான் கேக்குறேன். கம்பெனிக்காரன் சும்மா அனுப்புவானா?"

அவள் திருமுடிவாக்கத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் டைப்பிஸ்ட். ஜப்பான்காரன் காருக்கு உள்ளே போகிற ஏதோ இரும்புத் துண்டு அங்கே செய்கிறார்கள். முதலாளி பெயர் சுப்ரமணியன். கடிதம் எல்லாம் ஜப்பான் பாஷையில் வருகிறது, படித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று இவளைப் பிடித்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் பல்லாவரத்தில் ரயில் ஏறி மெட்ராசுக்குப் போய்ப் படித்துவிட்டு வருவாள். ஒரு நாள் கூட விட்டதில்லை. கட்டின புருஷனிடம் இவ்வளவு பொறுமையாக இருந்தாளா என்று எனக்குத் தெரியாது. இருந்திருப்பாள்.

நிலம் போன பிறகு பம்மலில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கிறேன். தவிடு, புண்ணாக்கு, வைக்கோல். அவள் அம்மா போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆகிறது. சாயங்காலம் வேலை விட்டு நேராகக் கடைக்கு வருவாள். கம்பெனியில் தூக்கிப் போட்ட அட்டைப்பெட்டியை வெட்டி, ஒரு பக்கம் ஜப்பான் எழுத்தும் மறுபக்கம் தமிழில் அர்த்தமும் எழுதிக் கட்டுக் கட்டாக வைத்திருந்தாள். எழுத்துப் பக்கத்தை நான் அவளுக்குக் காட்ட வேண்டும். அவள் வார்த்தையையும் அர்த்தத்தையும் சொல்லுவாள். என் பக்கம் இருக்கிற தமிழை நான் எழுத்துக் கூட்டிப் படித்து, சரியா என்று பார்க்க வேண்டும்.

"அர்த்தம் சரி. அந்த வார்த்தையைச் சரியாச் சொல்றியா தப்பாச் சொல்றியான்னு எனக்கு எப்டித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்பா."

"திருடனே சாட்சி சொல்ற மாதிரி கீது."

"நீ காட்டு."

ஒரு நாள் ஒரு கட்டு கொடுத்தாள். பார்த்தால் எல்லா அட்டையிலும் ஒரே எழுத்து. சிலதில் அதற்கு முன்னால் வேறு எழுத்து, சிலதில் பின்னால்.

"இன்னாடி, ஒண்ணையே எழுதி வச்சிருக்க?"

"அந்த எழுத்துக்கு விடறதுன்னு அர்த்தம்பா. கூட வேற எழுத்து சேர்ந்தா வேற வேற வார்த்தை ஆகும். காட்டு, சொல்றேன்."

காட்டினேன்.

"ஹனாசு. கட்டிவச்சதை அவுத்து விடறது."

சரியாக இருந்தது. அடுத்ததைக் காட்டினேன். "ஹோசோ. ரேடியோவுல ஒலிபரப்பறது" என்றாள். அது எப்படி விடுவதாகும் என்று கேட்டேன். குரலைக் காற்றில் விடுகிறார்கள் இல்லையா என்றாள். சரி, ஜப்பான்காரன் அப்படி நினைக்கிறான். ஷாகுஹோ என்றால் ஜெயிலிலிருந்து வெளியே விடுவது. ட்சுய்ஹோ என்றால் ஊரை விட்டே துரத்துவது. ஹோகா என்றால் வீட்டைக் கொளுத்துவது. ஹோகாகோ என்றால் பள்ளிக்கூடம் விட்ட பிறகு இருக்கிற நேரம்.

"ஏய், இருடி. ஒரு கோ சேத்தா, கொளுத்துறது பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களா ஆயிடுமா?"

அவள் சிரித்தாள். கடையில் அவள் சிரித்து நான் பார்த்தது கொஞ்சம்.

"தெரிஞ்சிதான் வச்சிருக்காங்கப்பா. நம்ம கோயிந்தசாமி வாத்தியார் பள்ளிக்கூடம் விட்டா எப்படி இருக்கும்? நெருப்பு வச்ச மாதிரிதானே ஓடுவோம்."

அடுத்த அட்டையைக் காட்டினேன். ஹோச்சி என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டாள். நான் என் பக்கத்தைப் படித்தேன். போட்டது போட்டபடி விட்டுவிடுதல்.

"அப்டின்னா?"

"தாம்பரம் ஸ்டேஷன்ல சைக்கிளை விட்டுட்டுப் போயிடுவாங்க. எடுக்கவும் வரமாட்டாங்க, யாருக்கும் குடுக்கவும் மாட்டாங்க. அதுபாட்டுக்கு மழையில துருப்பிடிச்சி நிக்கும். அதுக்கு இந்த வார்த்தை."

"ஒன்னைக் கட்டினவன் பண்ண மாதிரி."

எதையும் வாய்க்குள் வைத்துக்கொள்கிற பழக்கம் எனக்கு இல்லை. அவள் அடுத்த அட்டையை என் விரலிலிருந்து உருவினாள்.

அவள் புருஷன் லோகநாதன் முடிச்சூரில் லாரிக்கு டிங்கர் வேலை பார்க்கிறான். குடிக்கமாட்டான், அடிக்கமாட்டான். அனகாபுத்தூரில் செல்லம்மா என்று ஒருத்தியை வைத்திருந்தான். விஷயம் தெரிந்ததும் தனக்கோடி ஒரு பையோடு வந்துவிட்டாள். திரும்பக் கூப்பிட அவன் வரவில்லை. தீர்த்துவிடவும் வரவில்லை. கோர்ட்டுக்குப் போகலாம் என்று ஒரு வக்கீல் சொன்னான். கோர்ட்டுக்குப் போன என் பங்காளி ஒருத்தன் இன்னும் போய்க்கொண்டே இருக்கிறான். நான் போகவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் கம்பெனியில் அவளை ஒரு வருஷம் ஜப்பானுக்கு அனுப்புவதாக முடிவானது. தை மாதம் பயணம். இது எப்படியோ லோகநாதன் காதுக்குப் போய், திருமுடிவாக்கம் போய் கேட்டில் நின்று கத்தியிருக்கிறான். என் பொண்டாட்டியை என்னைக் கேட்காமல் நாடு கடத்துகிறாயா, போலீசுக்குப் போவேன் என்று. சுப்ரமணியன் சாருக்கு வியர்த்துவிட்டது. இவளைக் கூப்பிட்டு, "இதோ பாரும்மா, உன் ஃபேமிலி பிராப்ளத்தை முதல்ல முடிச்சுட்டு வா. டிசம்பருக்குள்ள முடியலைன்னா நான் வேற யாரையாவது அனுப்ப வேண்டியிருக்கும்" என்று சொல்லிவிட்டார்.

அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. "துரும்பு கிள்ளச் சொல்லுப்பா" என்றாள்.

எங்கள் ஜனங்களில் அது ஒரு முறை. இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கூடி உட்காருவார்கள். புருஷன்காரன் ஒரு வைக்கோல் தாளை இரண்டாக முறித்து, ஒரு பாதியைப் பெண்ணைப் பெற்றவன் கையில் கொடுக்க வேண்டும். பிறகு பத்திரத்தில் கையெழுத்து. அதோடு அவன் வேறு, அவள் வேறு. நான் எங்கள் ஜனத்துப் பெரியதனக்காரர் ஏகநாதனைப் போய்ப் பார்த்தேன். அவருக்கு என்னைவிட வயது அதிகம். "இந்தக் காலத்துல எவன்யா துரும்பு கிள்றான்" என்று சலித்துக்கொண்டு, ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மணிமங்கலத்து அம்மன் கோயிலுக்கு எல்லாரையும் வரச் சொன்னார். தனக்கோடி பாஷை வகுப்புக்குப் போகாத ஞாயிறு அது ஒன்றுதான்.

மழை பெய்து விட்டிருந்தது. கோயிலுக்கு எதிரே ஈர மணலில் பாய் போட்டு உட்கார்ந்தோம். லோகநாதன் தொப்பை போட்டிருந்தான். கூட அவன் அம்மாவின் தம்பி துரை, அம்மா கங்கையம்மாள். அந்த அம்மாவுக்குக் கண் முக்கால்வாசி போய்விட்டது. ஒரு கைத்தடியைத் தட்டித் தட்டி வந்து, "தனக்கோடி எங்க கீறா?" என்று கேட்டாள்.

"இங்கதான் அத்த."

"எளச்சிட்டியா?"

"இல்ல அத்த."

"எனக்கு எங்க தெரியப் போவுது" என்று சொல்லி உட்கார்ந்தாள்.

நான் கடையிலிருந்து கொண்டுபோன வைக்கோல் பிடியை எடுத்து ஏகநாதன் முன்னால் வைத்தேன். அவர் ஒரு தாளை உருவி லோகநாதன் கையில் கொடுத்தார். அப்போது துரை தொண்டையைச் செருமினான்.

"இந்த வைக்கோல் எங்க வெளஞ்சது?"

"உத்திரமேரூர் பக்கத்துலேர்ந்து லாரியில வருது. ஏன்?"

"அப்போ செல்லாது. மொறைன்னு ஒண்ணு கீதுல்ல? பொண்ணைப் பெத்தவன் சொந்த நெலத்துல வெளஞ்ச தாளா இருக்கணும். கடைச் சரக்குல துரும்பு கிள்ளி நான் கேள்விப்பட்டதில்ல."

பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முறை அதுதான். துரை பொய் சொல்லவில்லை. ஆனால் பொழிச்சலூரில் எனக்கு நிலம் எங்கே இருக்கிறது? நான் நெல் போட்ட இடத்தில் மாடி வீடு எழும்பி, மொட்டை மாடியில் துணி காய்கிறது. துரைக்கு அது தெரியும். தெரிந்துதான் கேட்டான். வருகிற தை வரை இழுத்துவிட்டால் அவள் பயணம் நின்றுபோகும் என்று அவர்கள் பேசி வைத்திருக்க வேண்டும்.

"சரி, இன்னொரு நாள் வச்சிக்கலாம்" என்று அவன் எழுந்திருக்கப் பார்த்தான்.

எனக்கு முட்டி வலி. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. கோபம் கூட வரவில்லை, அலுப்புதான் வந்தது.

"துரை, குந்து. ஒரு விஷயம் கேக்குறேன். கல்யாணத்தன்னிக்கு மணவறையில நெல்லு கொட்டி, அது மேல ஒன் மருமவனை நிக்க வச்சீங்களே, அது எங்க வெளஞ்சது?"

"ஒன் நெலத்துலதான்."

"கெடையாது. அதுக்கு முன்ன வருஷமே நெலத்துல கல்லு நட்டாச்சு. அது பல்லாவரம் சந்தையில நான் வாங்கின நெல்லு. கடைச் சரக்கு. இது செல்லாதுன்னா அதுவும் செல்லாது. அப்போ இவங்களுக்குக் கல்யாணமே நடக்கல. கல்யாணமே நடக்கலன்னா தீத்து வுடறதுக்கு இன்னா கீது? நான் எம்பொண்ணை இட்டுகினு போறேன்."

யாரோ பின்னால் சிரித்தார்கள். ஏகநாதன் மீசையைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டுத்துல எது வேணும்னு சொல்லு துரை" என்றார். துரை கங்கையம்மாளைப் பார்த்தான். அந்த அம்மாவுக்கு அவன் பார்ப்பது தெரியவில்லை. அவன் உட்கார்ந்துவிட்டான்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. லோகநாதன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். விரலில் சுற்றினான். பிரித்தான். மறுபடி சுற்றினான்.

"முறிப்பா" என்றார் ஏகநாதன்.

"இருங்க, முறிக்கிறேன்."

"இன்னா யோசனை?"

"ஒண்ணும் இல்ல."

உண்மையிலேயே ஒன்றும் இல்லை. அவனுக்கு இவள் வேண்டும் என்று இல்லை. கொடுக்க மனசு இல்லை, அவ்வளவுதான். தனக்கோடி அவனைப் பார்க்கவில்லை. மணலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் எனக்கும் அந்தத் துருப்பிடித்த சைக்கிள் வார்த்தைதான் ஞாபகம் வந்திருக்கும். இரண்டு பேரும் சொல்லவில்லை.

வெயில் ஏறியது. டீ வந்தது. எல்லாரும் குடித்தார்கள். அவன் ஒரு கையில் டம்ளரும் இன்னொரு கையில் தாளுமாகக் குடித்தான். ஏகநாதனுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. பேச்சை மாற்றினால் இவன் இளகுவான் என்று நினைத்தாரோ என்னவோ, தனக்கோடி பக்கம் திரும்பினார்.

"ஜப்பான் பாஷை படிக்கிறியாமே. துரும்பு கிள்றதுக்கு அதுல இன்னா பேரு?"

"துரும்புக்கு இல்லீங்க. விடறதுக்கு ஒரு எழுத்து இருக்கு."

"எழுதிக் காட்டு பாக்கலாம்."

அவள் ஒரு குச்சியை எடுத்து ஈர மணலில் எழுதினாள். நிதானமாக, ஒவ்வொரு கோடாக. கடையில் அட்டையில் பார்த்தது கையகலம். இங்கே முறம் அளவுக்கு இருந்தது. பெரியவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"கோழி கெளறின மாதிரி கீது" என்றான் துரை.

"இன்னா எழுதினா? எனக்குச் சொல்லுங்கடா" என்று கங்கையம்மாள் தடியைத் தட்டினாள்.

தனக்கோடி அவளுக்குச் சொன்னாள். "ரெண்டு பாகம் அத்த. இந்தப் பக்கம் இருக்கறது திசை. அந்தப் பக்கம் இருக்கறது கையில கோல். கோலால அடிக்கிற கை."

"விடறதுக்கு எதுக்குக் கோலு?" என்று ஏகநாதன் கேட்டார். "அடிச்சித் தொரத்தற பாஷையா கீது."

எனக்கும் அதே சந்தேகம் இருந்தது. அவள் பதில் சொல்லும் முன் கங்கையம்மாள் சொல்லிவிட்டாள்.

"ஏன், மாடு வச்சவங்களுக்குத் தெரியாதா? கவுத்தை அவுத்துட்டா அது போயிடுமா? அங்கியே நின்னு மேஞ்சிகினு இருக்கும். முதுவுல ஒரு தட்டு தட்டி, தோ இப்டிப் போன்னு ஓட்டணும்."

"அதான் அத்த" என்றாள் தனக்கோடி.

கங்கையம்மாள் தடியை ஊன்றித் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு தடியை நீட்டினாள். கண் தெரியாததால் முதலில் அது துரையின் தோளில் இடித்தது. "நான் இல்லக்கா" என்று அவன் நகர்ந்தான். அடுத்தது லோகநாதன் முதுகில் சரியாகப் பட்டது. சத்தம் கேட்டது.

"முறிடா."

"அம்மா!"

"இன்னாடா அம்மா? இவ வரமாட்டா. நீ இவளைத் தீக்கலன்னா அந்தச் செல்லம்மா நம்ம வூட்டு வாசப்படி மிதிக்கமாட்டேங்குறா. நடுவுல நான் ஓட்டல் இட்லி துன்னுகினு கெடக்குறேன். எத்தினி வருசத்துக்குடா? முறி."

மறுபடி ஒன்று வைத்தாள். பெரிய ஆள் அவன். கழுத்தில் மஃப்ளர் போட்டுக்கொண்டு பத்துப் பேர் எதிரில் அம்மாவிடம் அடி வாங்கினான். யாரும் சிரிக்கவில்லை. அவன் தாளை முறித்தான். வைக்கோல் முறிவதற்குச் சத்தம் கிடையாது. ஒரு பாதியை என் பக்கம் நீட்டினான். என் முகத்தைப் பார்க்காமல், "இந்தாங்க மாமா" என்றான்.

வாங்கிக்கொண்டேன். அதை என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் மறந்துபோயிருந்தது. கீழே போட்டேன். கோயில் ஆடு ஒன்று வந்து மோந்து பார்த்துத் தின்றது. பிறகு பத்திரத்தில் கையெழுத்து. ஏகநாதன் கண்ணாடி போட்டு வரிவரியாகப் படித்துக் காட்டினார். நானும் என் பங்குக்கு எழுத்துக் கூட்டி ஒரு முறை படித்தேன். யார் படித்துச் சொன்னாலும் நான் அப்படியே நம்புவதில்லை. அவளும் தன் பெயரைத் தமிழில் போட்டாள்.

அதற்குப் பிறகு முறைப்படி இரண்டு பக்கமும் ஆளுக்கொரு வழியாகத் திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். மணிமங்கலத்திலிருந்து வெளியே போக எங்களுக்கு இருந்தது ஒரே பஸ். ஒரே நிழற்குடையில் நின்றோம். பெரியவர்கள் கோயிலிலேயே இருந்துவிட்டார்கள். துரை தூரத்தில் நின்று பீடி பிடித்துவிட்டு, யாரோ சொந்தக்காரன் சைக்கிளில் ஏறிப் போய்விட்டான். மற்ற நாங்கள் நாலு பேர். பஸ் வெகுநேரம் வரவில்லை.

வந்தபோது கூட்டம். கங்கையம்மாளுக்கு யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். பக்கத்தில் ஜன்னலோரம் இன்னொரு கிழவி. நாங்கள் மூன்று பேரும் கம்பியைப் பிடித்து நின்றோம். லோகநாதன் முன்னால், நான் நடுவில், தனக்கோடி எனக்குப் பின்னால். கண்டக்டர் நெருக்கிக்கொண்டு வந்து லோகநாதனைக் கேட்டார்.

"எத்தினி?"

"நாலு முடிச்சூர்" என்றான்.

கேட்டதும் வாயில் வந்தது. அவன் வேண்டுமென்று சொல்லவில்லை. கல்யாணமான புதிதில் எங்கே போனாலும் அவன்தான் எடுப்பான், அப்படித்தான் சொல்லுவான். கண்டக்டர் நாலு கிழித்துக் கையில் கொடுத்துவிட்டு என்னைத் தாண்டப் பார்த்தார்.

"ரெண்டு தாம்பரம்" என்றேன் நான்.

"யாருக்கு?"

"எனக்கும் இவளுக்கும்."

"யோவ் பெரியவரே, நாலு பேருன்னு இவரு இப்பதானே எடுத்தாரு? ஏறும்போது ஒண்ணா நின்னுகினு இருந்தீங்க!"

"அவங்க முடிச்சூர். நாங்க தாம்பரம்."

"அதை முன்னாடியே சொல்றதுக்கு இன்னா? கிழிச்சாச்சே. நான் கணக்கு யாருகிட்ட காட்டறது? ஏன்யா, ஒங்க கூட யார் யார் வரான்னு கூடத் தெரியாதா ஒனக்கு?" என்று லோகநாதனைப் பிடித்துக்கொண்டார்.

லோகநாதன் கையில் இருந்த டிக்கெட்டைப் பார்த்தான். கழுத்து சிவந்துவிட்டது. திரும்பவில்லை.

"இருக்கட்டும் வுடு கண்டக்டர்" என்றான்.

"நல்லா வந்து சேர்றாங்கப்பா எனக்கு, ஞாயித்துக்கெழமை அதுவுமா" என்று சொல்லிக்கொண்டே கண்டக்டர் எங்களுக்கு இரண்டு கிழித்தார். தனக்கோடி வாங்கிக்கொண்டாள்.

முடிச்சூர் வந்தது. லோகநாதன் அம்மாவைக் கைத்தாங்கலாக எழுப்பினான். எங்களைக் கடக்கும்போது அந்த அம்மா நின்று, எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஆகாயத்தைப் பார்த்து, "அங்க குளுருமாமே. கம்பளி கிம்பளி வச்சிருக்கியா?" என்றாள்.

"வாங்கிக்கறேன் அத்த."

"எறங்கும்மா, வண்டி நிக்காது" என்று கண்டக்டர் விசில் அடித்தார். அவர்கள் இறங்கினார்கள். லோகநாதன் படியில் அம்மாவின் தடியைத் தவறவிட்டுக் குனிந்து எடுத்தான். பஸ் நகர்ந்துவிட்டது.

தனக்கோடி என் முதுகைத் தொட்டாள்.

"அப்பா, சீட்டு காலியாச்சு. போய் உக்காரு. வேற யாராவது உக்காந்துடுவாங்க."

"நீ உக்காரேன்."

"நான் நிக்கறேன். ஒனக்குத்தான் முட்டி வலி."

போய் உட்கார்ந்தேன். சீட்டு இன்னும் சூடாக இருந்தது. தாம்பரம் வருகிற வரைக்கும் அவள் பக்கத்தில் நின்றுகொண்டே வந்தாள்.